முறையில்லாத மஞ்சத்தண்ணி

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சும்மா ஓடுகிறவர்களைப் பிடிக்காது. ஓடினால் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும், இல்லையென்றால் அவிழ்த்துக்கொண்ட மாட்டைப் பிடிக்க ஓட வேண்டும். கல்யாணமாகி உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்த புதிதில், விடிகாலையில் ஏரிக்கரை மேல் நான் ஓடுவதைப் பார்த்து, வயலுக்குத் தண்ணீர் திருப்ப வந்த ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் பின்னாலேயே ஓடி வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு? வூட்ல யாருக்குனா ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் ஓடறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. அன்று மாலைக்குள் எனக்கும் என் புருஷனுக்கும் பெரிய சண்டை என்று தெரு முழுவதும் செய்தி போய்விட்டது.

நான் சாலவாக்கம் பக்கத்துப் பெண். பள்ளியிலும் கல்லூரியிலும் எண்ணூறு மீட்டர் ஓடினேன். பெரிதாக ஒன்றும் ஜெயித்துவிடவில்லை. ஆனால் ஓடாத நாளில் எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும், தட்டை வைத்தால் சத்தம் வரும், கதவைச் சாத்தினால் சுவர் அதிரும். பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "கார்த்தால கொஞ்ச நேரம் ஓட வுட்டுட்டா அப்புறம் தங்கமான பொண்ணு." மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் சரி என்றேன்.

ஊரின் மனம் மாறியது காணும் பொங்கலன்று. எங்கள் ஊரில் அன்று பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டுப் போட்டி நடக்கும். கோலம், உறியடி, ஸ்பூனில் எலுமிச்சம்பழம், எல்லாவற்றுக்கும் கடைசியில் கல்யாணமான பெண்களுக்கான ஓட்டப்பந்தயம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாதிப் பேர் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். நான் சிரிக்காமல் ஓடினேன். எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். மறு வருஷமும் குடம். அதற்குப் பிறகு காலையில் ஏரிக்கரையில் யாரும் என்னைப் பார்த்துப் பதறவில்லை. "கோடித்தெரு மருமவ பிராக்டீஸ் பண்ணுது" என்று பெருமையாகச் சொன்னார்கள்.

பிறகு ஆவணியில் எனக்குப் பிள்ளை பிறந்தான். சுகப்பிரசவம் என்றார்கள். தையல் போட்டார்கள், உட்கார முடியாமல் அழுதேன், அதற்கும் சுகம் என்றே பெயர். அம்மா வீட்டுக்குப் போனதும் வயிற்றுக்கட்டு ஆரம்பமானது. பிள்ளை பெற்ற வயிறு தொங்கிவிடாமல் இருக்க, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து, இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவாள் அம்மா. ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்வாள், நான் உத்தரவு கிடைத்த பொம்மைபோல அதற்குள் சுற்றிக்கொண்டே போக வேண்டும். அவளுக்கு அவள் அம்மா கட்டியது. தெருவில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் யாரோ கட்டியது. கட்டாதவள் என்று யாரையும் எனக்குத் தெரியாது.

மூன்றாம் மாதம் முடிந்து புருஷன் வீட்டுக்கு வந்தேன். மார்கழி. கோயில் மைக் பாட ஆரம்பிக்கும்போது பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்த புருஷன் பக்கத்தில் அவனைக் கிடத்திவிட்டு, ஷூவைத் தேடி எடுத்தேன். ஷூவுக்குள் பல்லி முட்டை இருந்தது. தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டேன். நைட்டிக்குப் பதிலாகப் பழைய டிராக் பேன்ட். உள்ளே வேட்டிக்கட்டு. ஏரி கரை தொட்டு நிறைந்து கிடந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மூன்று மாதமாக நான் யாருக்கோ பாலாகவும் மடியாகவும் இருந்தேன், இனிக் கொஞ்ச நேரம் நானாக இருக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மதகு வருவதற்குள் தொடையில் சூடாக ஏதோ இறங்கியது.

சிறுநீர் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வீட்டில் போய்விட்டுத்தான் வந்திருந்தேன். நின்றேன். நின்றதும் அதுவும் நின்றது. ஓடினேன். மறுபடியும். என் கால் என் பேச்சைக் கேட்டது, மூச்சு கேட்டது, நடுவில் இருக்கிற ஒன்று மட்டும் கேட்கவில்லை. வாய்க்கால் ஓரம் இறங்கி, இடுப்பு வரை நனைத்துக்கொண்டு, வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கு நான் செய்த வைத்தியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கே அறை விடத் தோன்றுகிறது. ஓடுகிறவர்களுக்குக் கணுக்கால் பிசகினால் கட்டுப் போடுவோம். தளர்ந்ததைக் கட்டினால் பலம். வயிறு தளர்ந்திருக்கிறது, அதனால்தான் ஒழுகுகிறது, அப்படியானால் இன்னும் இறுக்கிக் கட்ட வேண்டும். இவ்வளவுதான் என் கணக்கு. மறுநாள் முதல் வேட்டியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிந்து, எதிர்ச் சுவரிலிருந்து சுற்றிக்கொண்டே வந்து கட்டினேன். மூச்சு மேலே மட்டும் வந்துபோனது. ஓடினேன். அதிகமாக ஒழுகியது. மறுநாள் அதைவிட இறுக்கினேன்.

சாயங்காலங்களில் கீழே ஏதோ பந்து ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. தும்மினால் பயம். பிள்ளையைத் தூக்கக் குனிந்தால் பயம். யாராவது சிரிக்க வைத்தால் அவர்கள் மேல் ஆத்திரம் வந்தது. இருபத்தேழு வயதில் ஒருத்தி சிரிப்பதற்குப் பயப்படுவாளா? யாரிடம் சொல்வது? எந்த வார்த்தையில் சொல்வது? குழந்தை செய்தால் அதற்கு ஆயிரம் செல்லப் பெயர் இருக்கிறது. நான் செய்தால் பெயரே இல்லை.

என் முகத்தைப் பார்த்துப் புருஷன் கேட்டார். "இன்னா, முன்ன மாதிரி ஓட மாட்டேங்கற?"

"முட்டி வலிக்குது" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

மனிதர் உத்திரமேரூருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் முட்டிக்குப் போடுகிற உறை வாங்கி வந்துவிட்டார். நல்ல கம்பெனி, விலை கேட்டால் திட்டுவேன் என்று சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தார். அவர் ஆசையாக வாங்கியதைப் போடாமல் இருக்க முடியுமா? வலிக்காத முட்டியில் உறையை மாட்டிக்கொண்டு, ஒழுகுகிற இடத்தில் பழந்துணியைச் சொருகிக்கொண்டு, ஏரிக்கரையில் ஓடினேன். போனில் தேடிப் பார்த்தேன். ஒட்டிய வயிறோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் கடற்கரையில் ஓடிக்கொண்டே, உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும் என்றாள். என் உடம்பு சொல்வதை வெளியே சொல்ல முடியாது தாயே என்று போனை அணைத்தேன்.

இந்த இடத்தில் என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் புருஷனின் அண்ணன் மனைவி. ஒரே வாசல், ஒரே கிணறு, சமையல் மட்டும் தனித்தனி. நான் அவளை அக்கா என்பேன். அவளுடைய பெரிய பையன் எட்டாவது படிக்கிறான். வாய்க்கு வாய் கிண்டல் பேசுவாள், ஆனால் எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டாள். திருத்தணிக்கு வேன் வைத்துப் போனோம், வரவில்லை. பக்கத்திலிருக்கும் மாகறல் கோயிலுக்குக்கூட வரவில்லை. பஸ் ஒத்துக்காது என்பாள். தண்ணீர் குடிக்கச் சொன்னால் உதட்டை நனைத்துக்கொண்டு வைத்துவிடுவாள். இருமல் வந்தால், நின்றுகொண்டிருப்பவள் சட்டென்று கீழே உட்கார்ந்து இருமுவாள். புடவை என்றால் அரக்கு, இல்லாவிட்டால் கருநீலம். அது அவளுடைய ரசனை என்றும் மற்றதெல்லாம் சோம்பல் என்றும் நான் நினைத்திருந்தேன்.

பொங்கல் நெருங்கியது. இளைஞர் மன்றத்துப் பையன்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போட்டிகளை அறிவித்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, "கோடித்தெரு அண்ணி மீண்டும் களத்தில்!" என்று கத்தினான் ஒருவன். என்னை யாரும் கேட்கவில்லை. மேட்டுத்தெருவில் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி நன்றாக ஓடுவாளாம், ஆகையால் இது தெரு மானமாம்.

"கொழந்த பால் குடிக்கறான், இந்த வருஷம் வாணாம்" என்றேன்.

"அண்ணி, அஞ்சு நிமிஷம் கூட ஆவாது. கொழந்தைய நான் வெச்சுக்கினு நிக்கறேன்" என்றான் மைக் வைத்திருந்தவன். மாமியார் குடத்தை எந்தப் பரணில் வைப்பது என்று இடம் பார்க்கத் தொடங்கிவிட்டாள். என் புருஷன் கிளிப்பச்சையில் புதுப்புடவை வாங்கி வந்தார். முடியாது என்பதற்கு எல்லோரும் ஒரு காரணம் கேட்டார்கள். காரணம் என்னிடம் இருந்தது. அதை அந்த மைக் முன்னால் சொல்ல முடியுமா? மாமியாரிடம், கொழுந்தன்மாரிடம் சொல்ல முடியுமா? சரி என்று தலையாட்டிவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திக்கொண்டேன். காணும் பொங்கலன்று மதியம் கட்டுப் போட ஜன்னல் கம்பி போதாது என்று அக்காவைக் கூப்பிட்டேன். அவள் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் இறுக்குக்கா."

"இத்த கட்டிக்கினா ஓடப்போற?"

"ஆமா. இறுக்கு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "தண்ணி குடிச்சியா?"

"இல்லக்கா."

"ம்" என்றாள். முடிச்சைப் போட்டுவிட்டு, கொடியிலிருந்த கிளிப்பச்சையைத் தொட்டுப் பார்த்தாள். "இது வாணாம். என் அரக்குப் பொடவ தரேன், அத்த கட்டிக்கோ."

"அவரு ஆசையா வாங்கினு வந்தாருக்கா."

அவள் கிளிப்பச்சையை எடுத்து என் கையில் கொடுத்தாள். எனக்கும் ஏதோ புரிந்த மாதிரி இருந்தது, ஆனால் பாதி புரிந்ததைக் கேட்டு முழுதாக்கிக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு. விசில் ஊதியதும் ஓடினேன். சொன்னால் நம்ப வேண்டும், முதல் பாதி நான் பழையவளாகவே இருந்தேன். மேட்டுத்தெருப் பெண்ணின் வளையல் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஐயோ, முடிகிறதே, எனக்கு முடிகிறதே என்று மனசு கூத்தாடியது. அந்தக் கூத்திலேயே காலை இன்னும் எட்டிப் போட்டேன்.

உள்ளே ஏதோ கீழே இடித்தது. பிறகு சொட்டு இல்லை, கோடு இல்லை, அப்படியே கொட்டிவிட்டது.

எல்லைக் கோட்டுக்குக் கொஞ்ச தூரம்தான் இருந்தது. தொடைகளை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். மேட்டுத்தெருப் பெண் என்னைத் தாண்டிப் போனாள், அவளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தவர்களும் போனார்கள். "ஓடு அண்ணி! இன்னா நின்னுகினு கீற, ஓடு!" என்று தெருவே கத்தியது. பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். கிளிப்பச்சை, முன்பக்கம் கரும்பச்சையாக மாறி, அந்த நிறம் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கையால் மறைத்தால் எங்கே மறைக்கிறேன் என்று எல்லோரும் பார்ப்பார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும். செத்துப்போய்விடலாம் என்று சிலர் சொல்வார்களே, அந்த நேரத்தில் அதற்குக்கூட எனக்கு வழி தெரியவில்லை. சும்மா நின்றேன்.

அப்போது அக்கா ஓடி வந்தாள்.

அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. மைதானத்து ஓரத்தில் மஞ்சத்தண்ணி கரைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு, தளும்பத் தளும்ப ஓடி வந்து, பாதி வாளியை என் இடுப்பைப் பார்த்து வீசினாள். மிச்சப் பாதியை அப்படியே தன் மேல் கவிழ்த்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் காணும் பொங்கலன்று மஞ்சத்தண்ணி ஊற்றுவது உண்டு. ஆனால் அதற்கு முறை இருக்கிறது. கொழுந்தன் அண்ணிக்கு ஊற்றலாம், மாமன் மகள் அத்தை மகனுக்கு ஊற்றலாம். ஓரகத்தி ஓரகத்தி மேல் ஊற்றுகிற முறை கிடையாது. கூட்டம் ஒரு நொடி திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது.

"இன்னாம்மா, மொற கெட்டுப் போச்சா ஒனக்கு?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"ஆமா, என் கையி சும்மா கீல. இன்னான்ற இப்போ?" என்றாள் அக்கா. "குடம் போன கடுப்புதான், வேற இன்னா!" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள். என் புடவை முழுவதும் மஞ்சள். எது எங்கே நனைந்தது என்று யாருக்கும் தெரியாது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மைக்கில் மேட்டுத்தெருவுக்குக் குடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கிணற்றடியில் கட்டை அவிழ்க்க முடியவில்லை. ஈரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. அவள் பல்லால் இழுத்துப் பார்த்துவிட்டு, கதிர் அறுக்கிற அரிவாளைக் கொண்டுவந்து அறுத்தாள். அப்பாவின் வேட்டி சொத்தென்று விழுந்தது. நான் அழுதேன்.

"எப்டிக்கா தெரிஞ்சுது?"

"தண்ணி குடிக்காத வந்தியே, அப்பவே தெரியும்." வாளியில் நீர் இறைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும்தான். இப்ப ஓடி வந்தன் பாரு, அப்பவும்தான்."

மிச்சப் பாதித் தண்ணீரை ஏன் தன் மேல் கவிழ்த்துக்கொண்டாள் என்று அப்போதுதான் உறைத்தது.

"எப்பலேர்ந்துக்கா?"

"பெரியவன் பொறந்ததுலேர்ந்து."

எட்டாவது படிக்கிறவன். கருநீலமும் அரக்கும் அன்றிலிருந்துதான். "எப்ப சரியாச்சு?" என்று கேட்டேன்.

"சரியாவும்னு யார்னா சொன்னாங்களா ஒனக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு என் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஆறுதலாகச் சொன்னாள். "ஓடாத இரு. ஓடாத இருந்தா அவ்ளோவா தெரியாது."

அந்த ஆறுதல்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அன்று இரவே புருஷனிடம் சொன்னேன். முட்டி இல்லை, இது என்று சொன்னேன். அவர் முட்டி உறையைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு பெண் டாக்டரை விசாரித்துச் சொன்னார். துணைக்கு அக்காவைக் கூப்பிட்டேன். பஸ் ஒத்துக்காதவள், கருநீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் கீழிருந்து தாங்குகிற தசை பிரசவத்தில் தளர்ந்திருக்கிறது என்றார். "வயித்த இவ்வளவு இறுக்கிக் கட்டினா உள்ள இருக்கறது எங்கம்மா போகும்? கீழதான் தள்ளும். அதோட ஓடி வேற இருக்கீங்க." இப்போதைக்கு ஓடக்கூடாது. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை உள்ளே இழுத்துப் பிடித்து விட வேண்டும், தினமும், பல முறை. தண்ணீரைக் குறைக்கக் கூடாது. நடக்கலாம். ஒழுகல் நின்று, கனம் குறைந்த பிறகு, நடைக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டத்தைச் சேர்க்க வேண்டும். ஒழுகினால் மறுபடி நடை. எப்போது முழுதாகச் சரியாகும் என்று கேட்டேன். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி, தேதி சொல்ல முடியாது என்றார். என் முகம் விழுந்ததைப் பார்த்து, "நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க. அது நல்லது" என்றார்.

நான், "டாக்டர், இவங்களுக்கும்..." என்று ஆரம்பித்தேன். மேஜைக்குக் கீழே அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அவ்வளவு அழுத்தமாக யாரும் என்னைக் கிள்ளியதில்லை. "இவங்களுக்கும் சொல்லிடுங்க, எனக்கு மறந்துடும்" என்று முடித்துவிட்டேன்.

இப்போது மாசி கழிந்து பங்குனி. ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது. காலையில் நான் நடக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம், "இன்னாம்மா, ஓடலையா?" என்கிறார்கள். ஓடினால் ஒரு கேள்வி, நடந்தால் ஒரு கேள்வி. இழுத்துப் பிடிக்கிறேன், விடுகிறேன். சில நாள் பிடி கிடைக்கிறது, சில நாள் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. சொந்த உடம்புக்குள் வழி தெரியாமல் நிற்பது எனக்கு இன்னும் பழகவில்லை. கோபத்தை எடுத்துக்கொண்டு போய் எங்கே ஓடி இறக்குவது என்றும் தெரியவில்லை. தட்டுகள் சத்தம் போடுகின்றன.

துணைக்கு என்று அக்காவும் வருகிறாள். நான் நின்று இழுத்துப் பிடிக்கும்போது அவளும் பேச்சை நிறுத்திவிடுவாள். ஏன் என்று நான் கேட்பதில்லை.

போன வாரம் மதகு தெரிகிற தூரத்தில், மெதுவாக, குழந்தையைத் துரத்துகிற வேகத்தில் ஓடிப் பார்த்தேன். மதகைத் தொட்டு நின்றேன். அவள் பின்னால் நடந்து வந்தாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"நெறியவா?"

"கொஞ்சம். முன்ன மாதிரி இல்ல."

மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏரியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ சீக்கிரமா வந்துட்டேன்னு அந்த டாக்டரம்மா சொல்லிச்சில்ல?"

"ஆமாக்கா."

"லேட்டா போனா இன்னா பண்ணுவாங்களாம்?"

நான் அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. எனக்குத் தேதி கேட்டேன், என் ஓட்டத்தைக் கேட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு எதையும் கேட்கவில்லை.

"நீயே வாக்கா. அடுத்த தபா போவும்போது ரெண்டு பேருமா கேக்கலாம்" என்றேன்.

"நான் எதுக்கு?" என்று எழுந்தாள். கொஞ்ச தூரம் முன்னால் நடந்து போனவள், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"கேளு. எனக்குன்னு கேக்காத. யாருக்கோன்னு கேளு."